தியான மையத்துச் சமையலுக்குக் கொடுத்தது சம்பளமா, தானமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரிய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து பௌத்த தியான மையம் நடத்துகிறார்கள். 2019 ஜூனிலிருந்து அங்கே சமையல் நான்தான். பத்து நாள் முகாம் என்றால் 40 பேருக்குக் குறையாது. விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் பகல் பன்னிரண்டரை வரை வேலை. அப்புறம் மூன்று மணியிலிருந்து ஏழு வரை. மாதம் 9,000 ரூபாய் பேங்கில் போடுவார்கள், அதற்கு ‘தானம்’ என்று பேர். பின்கட்டில் ஓர் அறையும் சாப்பாடும் உண்டு. மொத்தம் 11 பேர் இருந்தோம். போன ஆண்டு நிர்வாகம் மாறியது. கடைசி மூன்று மாதம் பணம் வரவில்லை. கேட்டதற்கு, நான் சேவகி என்று சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். 2026 ஜனவரி கடைசியில் இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு என் பேரில் இருக்கிறது. என் உருளியும் பணியாரக்கல்லும் அங்கேயே கிடக்கின்றன. புத்தர் பேரில் நடக்கும் இடத்தின் மேல் வழக்குப் போடுவது பாவமில்லையா வக்கீலையா? (பெயர் வேண்டாம்)

பதில்: பாவ புண்ணியத்தை முதலில் முடித்துவிடுவோம் அம்மா, அதுதான் உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. சிகாலோவாத சுத்தம் என்கிற பௌத்த உபதேச நூலில், வேலை வாங்குபவர் செய்ய வேண்டியவை என்று புத்தர் ஐந்து சொல்கிறார். சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோய் வந்தால் கவனிப்பு, நல்ல பண்டம் வந்தால் அதில் பங்கு, வேளைக்கு ஓய்வு. கூலி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் நிலை வந்தால் நான் இதையும் ஒரு வரி சேர்ப்பேன். சட்டத்துக்கு அது தேவையில்லை, ஆனால் படிப்பவருக்கு உறைக்கும்.

அந்தக் கையெழுத்துத் தாளுக்குப் பயப்படாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனக்குச் சேர வேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது அதன் 60-வது பிரிவு. ஆறு வருஷத்துக்கு மேல் மாதாமாதம் ஒரே தொகை, அதுவும் பேங்க் வழியாக வந்திருக்கிறது. அதைத் தானம் என்று சொன்னாலும் தட்சிணை என்று சொன்னாலும் அது ஊதியம்தான். உண்மையான தொண்டர் பணம் வாங்க மாட்டார், இஷ்டப்பட்ட நாளில் வருவார், வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றரை மணிக்கு அடுப்பு எரியாவிட்டால் உங்களைக் கேட்காமல் விட்டிருப்பார்களா?

‘இது ஆன்மிக நிறுவனம், தொழிலாளர் சட்டம் இங்கே வராது’ என்பார்கள். 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்பதற்கு விளக்கம் கொடுத்தபோது, ஆன்மிகச் சேவையை ஒதுக்கிவிட்டு, பெரிய அளவில் பிரசாதமோ உணவோ தயாரிப்பதைத் தொழிலுக்குள்தான் வைத்தது. மேலே பட்டாலைக் கூடத்தில் நடப்பது தியானமாக இருக்கலாம். அடுப்படியில் நடந்தது வேலை. ஆனால் இங்கே ஒரு முள் உண்டு, அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. புதிய தொழில் உறவுகள் தொகுப்பு, 2020, தர்ம காரியத்தில் முழுக்கவோ பெரும்பகுதியோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்பதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் ‘என்னை நீக்கியது தவறு, திரும்ப வேலை கொடு’ என்று போராடினால் வருஷக் கணக்கில் இழுக்கும், முடிவும் நிச்சயமில்லை. ஊதியத் தொகுப்பு வேறு சட்டம். அதில் நிறுவனம் என்பது தொழில், வணிகம், உற்பத்தி, அலுவல் நடக்கும் எந்த இடமும். என் யோசனை, வேலையை விடுங்கள், பணத்தைக் கேளுங்கள். முகாமுக்கு வருகிறவர்களிடம் நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினார்களா? வாங்கியிருந்தால் அந்த ரசீதோ விலைப்பட்டியலோ ஒன்று கிடைத்தாலும் தர்ம வாதம் பாதி உதிர்ந்துவிடும்.

என்னென்ன கேட்கலாம்? மூன்று மாத பாக்கி முதலில். வேலையிலிருந்து நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்குத் தீர்த்திருக்க வேண்டும். அடுத்து, நீங்கள் எழுதிய நேரத்தைக் கூட்டினால் முகாம் நாட்களில் 13 மணி நேரம் வருகிறது. மதியத்துக்கு மேல் சாப்பிடாத விரதம் முகாமுக்கு வருகிறவர்களுக்கு. மறுநாளைக்கு ஊறப் போடவும் அரைக்கவும் மாலை உங்களுடையதாகிவிட்டது. வழக்கமான வேலை நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. 9,000 ரூபாய் சமையலருக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசமும் சேரும். ‘அறையும் சாப்பாடும் கொடுத்தோமே’ என்பார்கள். பொருளாகக் கொடுப்பதை மொத்த ஊதியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கணக்கில் கொண்டுவர முடியாது. தங்கும் இடத்தின் மதிப்பு ஊதியத்தில் சேரவே சேராது.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, தனி. ஐந்து வருஷம் தாண்டிவிட்டீர்கள். ஆறு வருஷத்துக்கு மேல் ஆறு மாதமும் கடந்ததால் ஏழாகக் கணக்கு. 9,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஏழால் பெருக்கினால் சுமார் 36,346 ரூபாய். ஆனால் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடமாக இருக்க வேண்டும். நீங்கள் 11 என்கிறீர்கள். அதில் மாதப் பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர், சும்மா தொண்டுக்கு வந்து போனவர்கள் எத்தனை பேர் என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள். ஒரு தடவை பத்தைத் தொட்டுச் சட்டம் பொருந்திவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் கடமை போகாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் பேரில் உள்ள அந்த உணவுப் பதிவு. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, லாபத்துக்கு நடத்தினாலும் இல்லாவிட்டாலும் எல்லா இடத்தையும் பிடிக்கும். பதிவு யார் பேரிலோ அவர்தான் பொறுப்பு. நாளைக்கு அங்கே யாருக்காவது வயிற்றுப் போக்கு என்றால் உங்களைத்தான் தேடுவார்கள். அது மட்டுமில்லை, இதே பதிவைக் காட்டி, ‘இவர் எங்கள் ஊழியரே இல்லை, சாப்பாடு போட்டுக் கொடுத்த காண்ட்ராக்டர்’ என்றும் சொல்லலாம். நான் அவர்கள் தரப்பு வக்கீலாக இருந்தால் அதைத்தான் சொல்வேன். அதனால் இந்த வாரமே உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்: நான் அங்கே சம்பளத்துக்கு இருந்தவள், உரிமையாளர் அல்ல, வேலை முடிந்துவிட்டது, பதிவை ஒப்படைக்கிறேன். முத்திரை போட்ட நகல் கையில் இருக்கட்டும்.

காண்ட்ராக்டர் இல்லை என்று காட்ட, மளிகைக்கும் பாலுக்கும் காசு கட்டியது யார் என்ற ஒரு கேள்வி போதும். கடைக்காரரின் சிட்டை மையத்தின் பேரில் இருக்கும். பேரேட்டில் வரவில்லாமல் செலவில்லை என்று வாழ்ந்த ஊர் இது, கேட்டால் எடுத்துத் தருவார். ‘நாளைக்கு 42 பேர், மூன்று பேருக்குப் பூண்டு வேண்டாம்’ என்கிற மாதிரி வந்த வாட்ஸாப் எல்லாம் தங்கம். அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். அதைத் தாக்கல் செய்ய 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்று வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். பணம் கொடுத்தாயிற்று என்று காட்டுகிற சுமை அவர்கள் தலையில்தான், உங்கள் தலையில் இல்லை.

முதலில் நீங்களே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள், 15 நாள் தவணை கொடுங்கள். அசையாவிட்டால் சிவகங்கையில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. ஊதியத் தொகுப்பில் மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு, பாக்கிக்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடும் போடலாம். ஆனால் பழைய வருஷத்துக் கூலி வித்தியாசத்துக்குப் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் ஆறு மாதக் கெடுவைக் காட்டி மல்லுக்கட்டுவார்கள், ஆகவே சித்திரை, வைகாசி என்று தள்ளாதீர்கள். வக்கீல் கட்டணத்துக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்குப் போன் போடுங்கள்.

அப்புறம் அந்த உருளியும் பணியாரக்கல்லும். சம்பளப் பாக்கிக் கடிதத்தில் அவற்றைக் கலக்காதீர்கள், ‘பாத்திரம் இவருடையது, அப்படியானால் காண்ட்ராக்டர்தானே’ என்று ஒரு நூல் பிடிப்பார்கள். தனித் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பகலில் போய், எண்ணி எடுத்துக்கொண்டு, எடுத்தேன் என்று கையெழுத்துப் போடுங்கள். வேறு எதை நீட்டினாலும் அங்கே கையெழுத்து வேண்டாம்.