ஜிப்சம் தடுப்புச் சுவர்: சட்டம் சரியாக இருந்தால் போதும்

கேள்வி: ஹாலைப் பிரித்து 10 அடி நீளத்தில், கதவில்லாமல் ஜிப்சம் போர்டுச் சுவர் எழுப்பப் போகிறேன். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தை நானே அடிக்கலாமா?

பதில்: தாராளமாக. தரையில் சாக்பீஸ் நூல் அடியுங்கள். அதே கோட்டைத் தூக்குக்குண்டு விட்டுக் கூரைக்கு ஏற்றுங்கள். அரை அங்குலம் பிசகினாலும் சுவர் சாய்ந்தே நிற்கும். கீழும் மேலும் 50 மி.மீ. சேனலை (‘ப’ வடிவத் தகடு) 2 அடிக்கு ஒரு ரால் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல்) வைத்து முடுக்குங்கள்.

ஸ்டட்கள், அதாவது இரு சேனல்களுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும், ஒரு பக்கம் திறந்த சட்டங்கள், 6 போதும். 2 அடிக்கு ஒன்று. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு ஸ்டட்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை 2 அடியாக வைத்துவிடுவார்கள். அளக்க வேண்டியது ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்த நடுவுக்கு. இல்லையென்றால் 4 அடி போர்டின் விளிம்பு ஸ்டட்டில் உட்காராமல் அந்தரத்தில் தொங்கும். பூசிய இணைப்பு பிளந்துவிடும். ஸ்டட்டை உயரத்தைவிட 5 மி.மீ. குறைத்து வெட்டி, சேனலுக்குள் சாய்வாக நுழைத்துத் திருப்புங்கள். திறந்த பக்கமெல்லாம் ஒரே திசை பார்க்கட்டும்.

12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் தலை போர்டின் மேலுள்ள காகிதத்தைக் கிழித்து உள்ளே போனால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது. பக்கத்தில் வேறொன்று போடுங்கள். போர்டைத் தரையில் முட்டவிடாமல் 10 மி.மீ. தூக்கி நிறுத்துங்கள், வீடு துடைக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும்.

டி.வி. மாட்டும் எண்ணமிருந்தால், இரண்டாவது பக்கத்தை மூடும் முன்பே ஸ்டட்களுக்கிடையே 18 மி.மீ. பிளைவுட் வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுங்கள்.