ரேஷன் மோசடியைக் கைரேகைப் பதிவு ஒழித்துவிடுமா?

ஓரளவுக்குத்தான். மானிய தானியத்தில் சுமார் 58 விழுக்காடு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை என்று இந்தியத் திட்டக் குழுவின் 2005ஆம் ஆண்டு மதிப்பீட்டறிக்கை கூறியது. ஆனால் அதில் கள்ளச் சந்தைக்குப் போனதும் உண்டு, தகுதியற்றோர் பெற்றதும் உண்டு என்பதை விவாதங்களில் பலரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கைரேகைக் கருவி தடுப்பது ஆள்மாறாட்டத்தையும் போலி அட்டையையும் மட்டுமே. அட்டைதாரர் விரலை வைத்து, பதிவும் ஆன பிறகு, இருபது கிலோவுக்குப் பதினெட்டு கிலோ அரிசியைக் கடைக்காரர் நிறுத்துப் போட்டால், அந்தத் திருட்டைக் கருவி முறையான விநியோகமாகவே கணக்கில் ஏற்றும். மறுபுறம், கல்லுடைத்தும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்த கூலித் தொழிலாளியை அது திருப்பி அனுப்பிவிடக்கூடும். ஜார்க்கண்டில் கார்த்திக் முரளீதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வில், ஆதார் சரிபார்ப்பால் மட்டும் கசிவு குறையவில்லை என்பதும், அட்டையோடு ஆதாரை இணைக்காதவர்கள் பெற்ற பொருள் குறைந்தது என்பதும் தெரியவந்தன.

தகுதியற்ற ஒருவர் பெறுவதைவிடத் தகுதியுள்ளவர் பட்டினி கிடப்பதே பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். அதிகாரிகளின் கணக்கிலோ பின்னது சேமிப்பாகவே காட்சியளிக்கிறது.