பழைய ரிப்போர்ட் இருக்கும்போது மறுபடி பயாப்சி எதற்கு?

ஒரு வாசகி கேட்கிறார்: அம்மாவுக்கு 4 வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) பாசிட்டிவ், ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வரும்போதே இடுப்பெலும்பில் பரவிவிட்டது. மறுபடி பயாப்சி என்கிறார்கள். ஊசி குத்தினால் இன்னும் பரவுமா? "புற்றுநோய் சிக்னலை நிறுத்தும்" என்று ஒருவர் தரும் கேப்சூலைக் கொடுக்கலாமா?

பயாப்சி எடுங்கள். ஊசியால் பரவிவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம், தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

புற்றுநோய் செல் பெருகவும் இடம்விட்டு இடம் போகவும் அதற்குள் உத்தரவு, அதாவது சிக்னல், ஓட வேண்டும். அம்மாவின் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் வழியை அடைத்தது. அப்படியும் நோய் வளர்கிறதென்றால் செல் வேறு வழி பிடித்திருக்கலாம். ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் ஏற்பி தானாக இயங்கும்படி இஎஸ்ஆர்1 மரபணு மாறியிருக்கலாம். பிஐ3கே என்ற இன்னொரு சிக்னல் வழியில் உத்தரவு ஓயாமல் ஓடலாம், இந்த வகைக் கட்டிகளில் 100-க்குச் சுமார் 40-ல் அந்த வழியை முடுக்கும் மரபணு மாற்றம் உண்டு. அதற்கென்று 2019-ல் அல்பெலிசிப் என்ற மருந்து வந்தது, ஆனால் மாற்றம் இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் பலன் வராது, ரத்தச் சர்க்கரைதான் ஏறும். இதெல்லாம் 4 வருடப் பழைய ரிப்போர்ட்டுக்கு எப்படித் தெரியும்?

எலும்பு என்பதால் ஒன்றை விரிவாகவே சொல்கிறேன். எலும்புத் துண்டை அப்படியே மெல்லிசாகச் சீவ முடியாது, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். அமிலம் கடுமையாக இருந்தால் ஏற்பி இருந்தும் இல்லை என்று வரும், மரபணுவும் சிதையும். இடிடிஏ என்ற ரசாயனக் கரைசல் பாதுகாப்பானது, ஆனால் நாள் பிடிக்கும். அதனால் எல்லாமே நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள், "எதில் கரைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கல்லீரலிலோ நிணநீர்க் கணுவிலோ பரவல் இருந்தால் அங்கிருந்து எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பரிசோதனைச் சீட்டில் ஒரு வரி எழுதினால் முடிகிற விஷயம், இதையும் நோயாளியின் மகள்தான் அலைந்து கேட்க வேண்டுமா? எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

கேப்சூல் வேண்டாம். தட்டில் வளர்த்த செல் மேல் எதை ஊற்றினாலும் ஏதோ ஒரு சிக்னல் குறையும், அந்தப் படத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள். உதாரணமாக, மஞ்சளில் உள்ள குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதே மிகக் கொஞ்சம், பிறகு எங்கே கட்டிவரை போவது? "டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுங்கள்" என்றும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற ஆளிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். ஐந்நூறு மரபணுவைப் பார்க்கும் டெஸ்ட் என்று தரகர் யாராவது வந்தாலும் இதேதான், எந்த டெஸ்ட் என்று உங்கள் டாக்டர் எழுதித் தரட்டும்.

அப்புறம், பழைய ஆபரேஷனில் எடுத்த கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். புதுத் துண்டோடு ஒப்பிட அது தேவைப்படும்.