படிவத்தில் எழுதிய சொல்

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது, மறதி நோய். எட்டு மாதமாகச் செராஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். தினமும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தலையில் துண்டைக் கட்டி, குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். தடுக்கும் தாதியரை அடிக்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கச் சம்மதம் கேட்கிறார்கள். சேர்த்தபோதே எல்லா விவரமும் கொடுத்தேன். தொழில் 'சூரி ரூமா', மலாயில் இல்லத்தரசி, என்று எழுதினேன் (ரப்பர் தோட்டத்தில் 31 ஆண்டு பாலுக்கு மரம் வெட்டியதெல்லாம் பழைய கதை). கையெழுத்துப் போடலாமா?
— மகன், கோலாலம்பூர்

பதில்: தம்பி, மாத்திரையை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒதுக்கினீர்களே, அதற்கு வருகிறேன். 31 ஆண்டு பால்மரம் வெட்டிய பெண்ணை இல்லத்தரசி என்று ஏன் எழுதினீர்கள்? வெட்கமா? உங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு பெரட்டுக்கு, தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடியவர் அவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த நான்கு மணி. வாளி பால் சேர்க்க என்று உங்களுக்குத் தெரியும், தாதிக்குத் தெரியாது. அவர் பார்ப்பது, வாளியோடு தப்பிக்கும் ஒரு மூதாட்டியை. உங்கள் அம்மாவுக்கோ பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அன்றைய கூலி போகப்போகிறது. அடிக்காமல் என்ன செய்வார்?

நோயாளியின் பண்பாட்டையும் வாழ்க்கையையும் அறிந்து பணிவிடை செய்வது தாதியர் படிப்பிலேயே ஒரு பாடம். அமெரிக்கத் தாதி மேடலின் லைனிங்கர் வளர்த்த துறை அது. ஆனால் மகன் மறைத்ததை எந்தப் படிப்பும் கண்டுபிடித்துத் தராது. மாதப் பணம் கட்டியதோடு மகன் கடமை முடிந்துவிடவில்லை. அம்மா யார் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

முரண்டு திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதியவர்களை அது குழப்பிவிடும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்களின் பிள்ளைகள் எனக்கு எழுதிய கடிதங்கள் போதும்.

நான்கு மணிக்கு ஒரு கோப்பி கொடுக்கச் சொல்லுங்கள். வாளியைப் பிடுங்க வேண்டாம். கூடவே ஒருவர் நடைவழியில் இரண்டு சுற்று நடக்கட்டும். 'வலிக்கிறதா', 'உட்காருங்கள் அம்மா' என்ற தமிழ்ச் சொற்களைத் தாதியருக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள். மறதி நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழிதான் முதலில் நழுவும். அவருடைய மலாய் இன்னும் எத்தனை நாளோ.

நாளைக்கே போய் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். 'சூரி ரூமா'வை அடித்துவிட்டு, 'பெனோரே கெத்தா, 31 தாஹுன்' (பால்மரம் வெட்டியவர், 31 ஆண்டு) என்று தாதியர் படிக்கும்படி பெரிதாக எழுதுங்கள். கையெழுத்தை அதன் கீழே போடுங்கள்.