சவ்வைப் பிடித்துவிட்டால் அழற்சி தணியுமா?

வாசகர் கேள்விகளுக்குப் பிசியோதெரபி நிபுணர்களின் பதில்கள்

ஆறு மாதமாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டுக் காலை ஊன்றவே முடியவில்லை. 'ஃபேசியா தெரபி' என்று கையால் அழுத்தி, உள்ளே இருக்கும் அழற்சியைக் கரைத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? – வாசகி, ஈரோடு

ஆட்டுக்கறியை நறுக்கும்போது சதைமேல் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் மெல்லிசாக உரிந்து வரும் வெள்ளைச் சவ்வைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஃபேசியா. நம் உடம்பிலும் ஒவ்வொரு தசைக்கும் அது உறை போட்டிருக்கிறது. உள்ளங்காலிலோ அது சவ்வு என்று சொல்ல முடியாதபடி தடித்து, குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை ஓடும் நார்ப்பட்டையாக இருக்கும். உங்களுக்கு வலிப்பது பெரும்பாலும் அந்தப் பட்டை எலும்பில் ஒட்டும் இடத்தில்.

இங்கே 'அழற்சி' என்ற சொல்லே கொஞ்சம் பொருந்தாது. நாள்பட்ட குதிகால் வலிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுவை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் தெரிந்தது நார்களின் சிதைவுதான், அழற்சி அல்ல. ஆறு மாத வலியில் கரைப்பதற்கென்று உள்ளே ஒன்றும் தேங்கிக் கிடக்காது.

பட்டையைக் கையால் நீட்டிவிடுவதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதை ஒரே ஒரு சதவீதம் அமுக்கவே 800 கிலோவுக்கு மேல் விசை வேண்டும் என்று 2008-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சின்னக் காரின் எடை! எந்தக் கட்டைவிரலுக்கும் அந்தப் பலம் கிடையாது.

ஆனாலும் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறதே என்பீர்கள். அது உண்மைதான். மெதுவான அழுத்தம் நரம்பு முனைகளின் வழியே வலியுணர்வைத் தணிக்கிறது, கெண்டைக்கால் தசையின் விறைப்பும் தளர்கிறது. அந்தச் சுகம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

அப்படியானால் அழற்சியைக் கை தணிப்பதாக வரும் ஆய்வுகள் எல்லாம் பொய்யா? – வாசகர், நாகர்கோவில்

பொய் இல்லை. எந்தத் திசுவில், யாருக்கு என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஹெலீன் லாஞ்செவின் குழுவினர் எலிகளின் முதுகுச் சவ்வில் காரஜீனன் என்ற பொருளை ஏற்றி அழற்சியை உண்டாக்கினார்கள். பிறகு எலியின் வாலை மெல்லத் தூக்கிப் பிடித்தால், அது முன்னங்காலால் பலகை விளிம்பைப் பற்றிக்கொண்டு தானாகவே உடம்பை நீட்டும். இப்படி 10 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. நீட்டிய எலிகளுக்கு அழற்சி குறைந்தது. அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின் என்ற பொருள் அதிகமானதை 2016-ல் காட்டினார்கள். அங்கே வேலை செய்தது மிதமான நீட்சி. முழங்கையால் குத்தி அழுத்தும் வேலை இல்லை.

மனிதர்களில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2012-ல் வந்தது. 11 இளைஞர்களைச் சோர்ந்து விழும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ். அந்தக் காலின் தசையில் அழற்சிக் குறிகள் குறைவாக இருந்தன. கடும் உழைப்பில் தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தில் மாற்றமே இல்லை; 'மசாஜ் அதை வெளியேற்றும்' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போனது. கவனியுங்கள், அது தசை. அதுவும் அன்றைக்கு ஏற்பட்ட களைப்பு. பல மாதக் குதிகால் வலியோடு அதை முடிச்சுப் போட முடியாது.

வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைச் சொல்லுங்கள். – வாசகி, திருச்சி

காலையில் எழுந்ததும் தரையில் கால் வைக்காதீர்கள். கட்டிலில் உட்கார்ந்து, வலிக்கும் பாதத்தை மற்ற முழங்கால்மேல் போட்டு, கால்விரல்களைக் கணுக்காலை நோக்கி இழுங்கள். மற்ற கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டால் கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். அது தெரிந்தால் சரியாக இழுக்கிறீர்கள். 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 தடவை. நாளுக்கு மூன்று வேளை.

கையால் பிடிக்க 3 முதல் 5 நிமிடம் போதும். எண்ணெய் இரண்டு சொட்டு. அதிகமானால் கை வழுக்கிக்கொண்டே போகும், திசுவில் பிடிப்பு இருக்காது. குதிகாலுக்குச் சற்று முன்னாலிருந்து விரல் பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். மிகவும் வலிக்கும் எலும்புப் புள்ளியைக் குறிவைத்து நோண்டாதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு அதுதான். வலி பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது.

முக்கியமானது இனிமேல்தான். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள். சுருட்டிய துண்டு விரல்களுக்கு அடியில் இருக்கட்டும். மூன்று விநாடியில் குதிகாலைத் தூக்கி எழும்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள். ஒற்றைக் காலில் 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம். 2 வாரம் கழித்து முதுகுப்பையில் புத்தகம் போட்டு 10 தடவை, நான்கு சுற்று. இன்னும் 2 வாரத்தில் எடையைக் கூட்டி 8 தடவை, ஐந்து சுற்று. டென்மார்க்கில் சோதித்த இந்த முறை, மூன்றாம் மாதத்தில் வெறும் நீட்சிப் பயிற்சியை முந்தியது. ஒரு வருட முடிவில் இரண்டும் ஏறத்தாழ சமம்தான்.

அளவு சரியா என்பது மறுநாள் காலை முதல் அடியில் தெரியும். முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால் அழுத்தமோ எடையோ கூடிவிட்டது.

பிடித்துவிட்ட இடம் கன்றி நீலமாகிவிட்டது. கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்கிறார் செய்தவர். – வாசகர், சேலம்

நல்ல ரத்தம்தான். சிறு ரத்தக்குழாய்கள் உடைந்திருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளி நான். தோள் இறுகி, கை மேலே போகவில்லை. வலித்தாலும் விடாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். – வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். தோள் மூட்டின் உறையில், தொடக்க மாதங்களில், நிஜமாகவே அழற்சி இருக்கும். நெதர்லாந்தில் 77 பேரை ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. வலி வரும் எல்லைக்குள் மட்டும் அசைத்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு 2 ஆண்டில் தோள் கிட்டத்தட்ட பழையபடி ஆனது. வலியைத் தாண்டி இழுத்தவர்களில் அது 63 சதவீதம்தான். கையை ஊசல் போல ஆட்டுங்கள், சுவரில் விரலால் ஏறுங்கள், வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருங்கள்.

யார் இந்தச் சிகிச்சைக்கே போகக் கூடாது? – வாசகி, கோவை

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்கவே கூடாது, ரத்தக்கட்டாக இருக்கலாம். காய்ச்சல், தோலில் சீழ், மூட்டு சிவந்து வீங்கிய நிலை, சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், குதிகாலில் அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் ஆகியோரும் தள்ளியே இருக்க வேண்டும். ஊசிக்குப் பின் பட்டை அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

இன்னொன்று. நாற்பது வயதுக்குள் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியானால் அது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். அதுதான் மருந்து தேவைப்படும் அசல் அழற்சி. மசாஜில் மாதங்களைக் கழிக்காமல் ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.

எத்தனை அமர்வுக்குப் பணம் கட்டலாம்? – வாசகர், மதுரை

மொத்தமாகக் கட்டாதீர்கள். நான்கு அமர்வுக்குள் காலை முதல் அடியின் வலி குறையவில்லை என்றால், பத்தாவது அமர்வில் குறையப்போவதில்லை.