உப்பு விரலும் ஊமைக் கண்ணாடியும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் பற்றரி பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திரையைப் பற்றியவை. திருகோணமலை மத்திய வீதியில் முதலில் தட்டெழுத்து நிலையம், பிறகு கம்பியூட்டர் வகுப்பு, இப்போது போன் திருத்தும் கடை என்று ஒரே அறைக்கு மூன்று பெயர்ப்பலகை மாட்டியவன் நான். விரல் சங்கதி என்றால் எனக்கும் கொஞ்சம் வாய் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் நிற்கும்போது போன் நான் சொல்வதைக் கேட்பதில்லை. சில நேரம் தானாகவே யாருக்கோ கோல் போகிறது. கரைக்கு வந்து கையைத் துடைத்துவிட்டுத் தொட்டாலும் என் விரலுக்கு மசியாது; மகன் தொட்டால் உடனே திறக்கிறது. ஏன் ஐயா?
*மீன்பிடித் தொழிலாளி, திருக்கடலூர்*

தம்பி, இது இரண்டு வேறு வருத்தம்.

முதலாவது உப்புத் தண்ணீர். திரைக் கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் வலைக் கண்ணி போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. போன் அந்த வலையை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். விரல் கிட்ட வந்தால் அந்தக் கண்ணியில் மின்னேற்றம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அது 'தொட்டாச்சு' என்று எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும், ஏனென்றால் உள்ளே இருப்பதும் உப்புத் தண்ணீர்தான். கடல் தண்ணீரும் நன்றாகக் கடத்தும். ஆகவே அலைத்துளி திரையில் படர்ந்தால், பத்துப் பேர் ஒரே நேரத்தில் விரல் வைத்த மாதிரி போன் குழம்பிவிடும். நடுக்கடலில் இருந்து யாருக்கோ கோல் போனது அப்படித்தான். மழைத் தண்ணீரில் உப்புக் குறைவு; அதனால் தொல்லையும் குறைவு.

இரண்டாவது உங்கள் விரல். கயிறும் வலையும் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன தோல், காய்ந்த தோல், மின்சாரத்துக்குச் சுவர் மாதிரி. சதை உள்ளே இருக்கிறது, கண்ணாடி வெளியே இருக்கிறது, நடுவில் ஒரு செருப்பு. எனக்கும் இதே கதைதான். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டுப் பட்டு வலது ஆட்காட்டி விரல் நுனி மரத்துப்போய்விட்டது. நான் நடுவிரலால்தான் போனைத் தடவுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் வேறு அர்த்தம் எடுக்காமல் இருந்தால் சரி.

விரல் நுனியை விட்டு, ரேகை வைக்கும் சதைப் பக்கத்தால் தொடுங்கள். விரலை லேசாக ஈரப்படுத்தினாலும் வேலை செய்யும். திரைக்கு மேல் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் கழற்றுங்கள். சில போன்களின் அமைப்புகளில் தொடு உணர்வைக் கூட்டும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். கடலுக்குக் கொண்டுபோகும்போது மெல்லிய பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். பைக்கு மேலாலும் தொடலாம், பையைத் துடைப்பதும் சுகம். உப்புப் பட்ட திரையை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். தயவுசெய்து பலமாக அழுத்த வேண்டாம். அழுத்தினால் கேட்கும் என்று நினைத்துக் கட்டைவிரலாலேயே கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு வந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பழைய காலத்துத் திரைகளில் இரண்டு படலம் ஒன்றோடொன்று முட்டினால்தான் வேலை நடக்கும். அங்கே அழுத்தத்தான் வேண்டும்.

இன்னொன்று. படகில் ஒரு பட்டன் போனும் இருக்கட்டும். இருட்டில், ஈரக் கையில், கண்ணை மூடிக்கொண்டும் அதில் இலக்கம் அடிக்கலாம். ஐந்து என்ற பட்டனில் ஒரு சின்னப் புள்ளி முட்டிக்கொண்டு நிற்கும், பாருங்கள். அது சும்மா வைத்ததில்லை.

சேர், இனி எல்லாம் டச், கையசைவு என்று வந்துவிட்டால் கீபோர்ட்டும் மௌஸும் இல்லாமல் போய்விடுமா? நான் இப்போது தட்டெழுத்துப் பழகுவது வீண் வேலையா?
*உயர்தர மாணவி, உவர்மலை*

பிள்ளை, ஒரு சோதனை செய்து பார். உங்கள் வீட்டுச் சுவரில் கலண்டர் தொங்கும். அதன் முன் நின்று, கையை நீட்டி, ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டே இரு. பத்து நிமிடம் போதும், தோள் பதில் சொல்லிவிடும்.

1983இல் எச்பி கம்பனி எச்பி-150 என்று ஒரு மேசைக் கணினி விட்டது. திரையின் ஓரம் முழுக்கச் சின்னத் துளைகள். அவற்றின் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் திரைக்குக் குறுக்கே பாயும். விரல் எந்தக் கதிரை மறித்தது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் துளைகளில் தூசி அடைத்தது. நிமிர்ந்து நிற்கும் திரைக்குக் கை நீட்டி நீட்டி ஆட்களும் களைத்தார்கள். இந்தக் களைப்புக்குக் 'கொரில்லாக் கை' என்றே துறைக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இருந்தும் பாடம் ஏறவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8, மேசைக் கணினியையும் தொடுதிரை போல நடத்தி, ஸ்டார்ட் பட்டனையே தூக்கியது. அந்த வருடம் என் கடைக்கு வந்த பாதிப் பேர் கேட்டது 'அந்தப் பட்டன் எங்கே போனது' என்றுதான். அடுத்த வருடமே 8.1இல் பட்டன் திரும்பி வந்தது.

மௌஸைப் பார். டக்ளஸ் எங்கல்பார்ட்டும் அவருடைய கூட்டாளி பில் இங்கிலிஷும் 1964இல் மரக்கட்டையில் செய்தார்கள். 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றினார்கள். மணிக்கட்டு மேசையில் படுத்திருக்கும், விரல் நுனி மட்டும் அசையும். அதனால்தான் இன்றுவரை சாகவில்லை.

தட்டெழுத்து வீணே இல்லை. என் நிலையத்தில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசையமைப்பில் பழகிய பிள்ளைகள் விசைகளைப் பார்க்க மாட்டார்கள், கண் காகிதத்தில் இருக்கும். இப்போதும் எந்தக் கீபோர்ட்டிலும் எஃப், ஜே இரண்டிலும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. விரல் அதைத் தடவி வீடு கண்டுபிடிக்கும். கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. விரல் கேட்கும், கண்ணாடி பதில் பேசாது. ஒரு வரிச் செய்திக்குத் திரை போதும். பத்துப் பக்கக் கட்டுரைக்கு உட்காரும்போது என்னை நினைத்துக்கொள்.

எங்கள் ஆசிரியர் தொடுதிரையை ஸ்டீவ் ஜொப்ஸ் கண்டுபிடித்தார் என்கிறார். சரியா?
*பள்ளி மாணவன், கிண்ணியா*

சரியில்லை, தம்பி. ஆசிரியரிடம் பவ்வியமாகச் சொல். விரல் வைத்தால் உணரும் திரையைப் பற்றி 1965இலேயே இங்கிலாந்தின் மோல்வர்ன் ராடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ.ஏ. ஜோன்சன் எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காகச் செய்த வேலை. பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் கருவியை 1982இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். பல விரல்களை உணரும் தொடுபலகைகள் செய்த ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சின்னக் கம்பனியை அப்பிள் 2005இல் வாங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வெய்ன் வெஸ்டர்மன் தட்டெழுதித் தட்டெழுதிக் கைவலி வந்தவர். மெல்லத் தடவினால் போதும் என்ற எண்ணமே அந்த வலியில் பிறந்ததுதான். (மேலே தட்டெழுத்தைப் புகழ்ந்து எழுதியவனுக்கு இது ஒரு குட்டு. வாங்கிக்கொள்கிறேன்.) 2007இல் ஐபோன் வந்தபோது இவையெல்லாம் ஒரு சட்டைப் பைக்குள் வந்தன. அது ஜொப்ஸின் கெட்டித்தனம்.

எங்கள் விடுதிக்குக் கையசைத்தால் வேலை செய்யும் டிவி வாங்கலாம் என்று தம்பி சொல்கிறான். இனித் தொடவே தேவையில்லையாம். வாங்கலாமா அண்ணே?
*விடுதி நடத்துபவர், நிலாவெளி*

என் அக்காவின் மகன் அப்படி ஒன்று கொண்டுவந்தான். பொங்கலன்று வீட்டில் பதினைந்து பேர். சாப்பாட்டுக்குப் பிறகு மாமா ஒருவர் காணி வழக்கை விவரிக்கத் தொடங்கினார். நம் ஆட்கள் வாயால் மட்டுமா பேசுகிறார்கள்? எல்லை வேலி எங்கே போகிறது என்று அவர் கையால் கோடு போட்டார், சனல் மாறியது. எதிராளியைத் தள்ளுகிற மாதிரிக் காட்டினார், சத்தம் கூடியது. கடைசியில் அத்தை டிவிக் கமராவில் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

காற்றில் கையசைக்கும் வித்தையின் பெரிய குறை இதுதான். எது கட்டளை, எது சும்மா அசைவு என்று இயந்திரத்துக்குப் பிரித்தறியத் தெரியாது. உடம்பசைவைக் கமராவால் பார்த்து விளையாட்டை நடத்தும் மைக்ரோசொஃப்டின் கினெக்ட் 2010 நவம்பரில் வந்து முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. 2017இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கூகுள் 2019இல் பிக்சல் 4 போனுக்குள் சின்ன ராடாரையே வைத்தது, போனுக்கு மேலே கை வீசினால் பாட்டு மாறும். அதன் அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால் அந்த போன் இந்தியாவுக்கே வரவில்லை. அடுத்த வருட போனில் ராடாரையும் காணோம்.

நன்றாகச் செய்தது என்று எனக்குப் படுவது 2024 பெப்ரவரியில் அப்பிள் விற்பனைக்கு விட்ட, கண்ணாடி போலத் தலையில் மாட்டும் கணினியான விஷன் புரோ. விலை நமக்கு எட்டாது, அது வேறு. அதில் கண்ணால் பார்த்துவிட்டு, மடியில் வைத்த கையில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கிள்ளினால் போதும். தோள் நோகாது. விரலோடு விரல் முட்டுவதால் 'ஆச்சு' என்று நம் கைக்கே தெரிகிறது. காற்றில் கிடைக்காத பதிலை நம் விரலிடமே வாங்கிவிட்டார்கள்.

உங்கள் விடுதிக்கு ரிமோட் போதும். மேசையோடு ஒரு கயிற்றில் கட்டிவையுங்கள், வெள்ளைக்காரர் கடற்கரைக்குக் கொண்டுபோகாமல் இருக்க.

கொழும்புக்கு வேன் ஓடுகிறேன். புது வேனில் ஏசி, காற்று, ரேடியோ எல்லாம் பெரிய திரைக்குள் போய்விட்டது. முன்னேற்றம் என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.
*வேன் சாரதி, பாலையூற்று*

உங்களுக்குப் பிடிக்காதது நியாயம். இரவில் கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் போகும்போது, எந்த வளைவில் யானை நிற்கும் என்று தெரியாது. பழைய வேனில் குமிழைக் கை தானாகத் தேடிப் பிடிக்கும், கண் வீதியிலேயே இருக்கும். திரையில் ஏசியைக் குறைக்கக் கண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கப்பற்காரர்களே இதில் பட்டுத் தெளிந்தார்கள். 2017 ஓகஸ்ட் 21 விடியற்காலையில், சிங்கப்பூருக்குப் பக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜோன் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானும் வேகமும் தொடுதிரையில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றப்பட்டபோது, எது யார் கையில் இருக்கிறது என்று அங்கே குழப்பம். பயிற்சிக் குறைவும் காரணம்தான், திரை மட்டும் குற்றவாளி இல்லை. ஆனாலும் 2019இல் அந்தக் கடற்படை வேகக் கட்டுப்பாட்டுக்கு மறுபடியும் கையால் பிடிக்கும் நெம்புகோலுக்கே திரும்ப முடிவெடுத்தது. ஐரோப்பாவில் வாகனப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப்பும், 2026 முதல் சிக்னல், ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டன் இல்லாவிட்டால் முழு மதிப்பெண் இல்லை என்கிறது.

புறப்படும் முன்பே ஏசியை வைத்துவிடுங்கள். இடையில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துச் சீட்டில் இருக்கும் பயணியிடம் சொல்லுங்கள்.

அம்மம்மாவுக்குக் கை நடுக்கம். கனடாவில் இருக்கும் மாமாவுக்கு வீடியோ கோல் எடுக்கப் பார்த்தால் இரண்டு தரம், மூன்று தரம் தட்டுப்பட்டு வேறு எங்கோ போய்விடுகிறது. அழுகிறா. என்ன செய்யலாம்?
*பேத்தி, மூதூர்*

அம்மம்மாவின் தவறு இல்லை என்று முதலில் அவவிடம் சொல்லுங்கள். இந்தத் திரைகளைச் செய்தவர்கள் இருபத்தைந்து வயது விரல்களை நினைத்துச் செய்தார்கள்.

போனின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதி இருக்கும். அங்கே பல போன்களில் இரண்டு வசதி உண்டு: எவ்வளவு நேரம் விரல் வைத்தால் தொடுகையாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது ஒன்று, அடுத்தடுத்து விழும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது மற்றது. இரண்டையும் போட்டு, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் முகப்பில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மாமாவின் படத்தை மட்டும் பெரிதாக வையுங்கள். போனைக் கையில் கொடுக்காமல் மேசையில் சாய்த்து வைத்து, மணிக்கட்டு மேசையில் ஊன்றும்படி விடுங்கள். பாதி நடுக்கம் அதிலேயே அடங்கும்.

அதுவும் சரிவராவிட்டால் வியாழக்கிழமை பின்னேரம் கடைக்குக் கூட்டிவாருங்கள். அன்றைக்குக் கூட்டம் குறைவு. வாசலில் மான் படுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது தினமும் வருகிற ஆள்.