வீட்டிலேயே மாஸ் அகேட் கல்லை அறுத்து மெருகேற்ற முடியுமா?

வேலூரில் வீட்டு மாடியில் சின்ன மெஷின் வைத்து மாஸ் அகேட்டை (உள்ளே பாசி படர்ந்தது போலப் பச்சைக் கோலம் தெரியும் கல்) குமிழ் வடிவ மோதிரக் கல்லாகத் தீட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இதன் கடினம் 6.5 முதல் 7 வரை. அதனால் வைரத்தூள் பதித்த பிளேடு கட்டாயம் வேண்டும்.

எந்தப் பக்கம் அறுப்பது என்பதில்தான் கல்லின் அழகே இருக்கிறது. கல் துண்டை நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பாசி கிளை விரித்துத் தெரியும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 5, 6 மி.மீ. கனம் போதும்; தடித்தால் பச்சை இருண்டு கறுப்பாகத் தெரியும்.

அப்புறம் குச்சியில் அரக்கு வைத்து ஒட்டி, 80ஆம் நம்பர் சக்கரத்தில் உருவம் கொண்டுவந்து, 220, 600, 1200, 3000 என்று போகலாம்; நம்பர் கூடக்கூடத் தீட்டும் துகள் நைசாகும். ஒவ்வொரு நம்பருக்கும் கல்லைத் துடைத்து உலரவிட்டுப் பாருங்கள். ஈரம் கீறலை மறைத்துவிடும்.

தண்ணீர் விடாமல் தீட்டவே கூடாது. இந்தக் கல்லிலிருந்து வரும் சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். மாஸ்க்கும் போடுங்கள்.

கடைசி மெருகுக்குத் தோல் மேல் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூள். தோலுக்கு நமக்கென்ன பஞ்சம், ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பாசி உள்ள இடம் மென்மையானது. அழுத்தித் தேய்த்தால் அங்கே குழி விழும்.